எழும்பாத பந்து

வளைகுடா கால்பந்து கிளப்பில் டிபென்டராக நான் இறங்கிய முதல் ஆட்டத்துக்கு முன் புல்லுக்குத் தண்ணீர் அடித்தார்கள். விராலிமலைப் பக்கம் வறண்ட கண்மாயில் ஆடிப் பழகியவன் நான். அங்கே தரையில் பட்ட பந்து நெஞ்சுவரை எழும்பும். எதிரணி அடித்த பந்தும் அப்படி எழும்பட்டும் என்று நின்றேன். ஈரப்புல்லில் அது வழுக்கிக்கொண்டு போய் கோலானது. புல்லைத் திட்டித் தீர்த்தேன். பழக ஒரு சீசன் பிடித்தது.

போன கோடையில் ஊருக்கு வந்தபோது பழைய கூட்டாளிகளோடு கண்மாயில் இறங்கினேன். வழுக்கி வரும் என்று காலை நீட்டினேன். பந்து தலைக்கு மேல் தாவிப் போனது.

"மாப்ள, ஒனக்கு நம்ம தரை மறந்துபோச்சுடா," என்றான் கோல்கீப்பர்.

இந்தத் தரையைத் திட்ட வாய் வரவில்லை. ஷூவைக் கழற்றிக் கரைப்பக்கம் எறிந்தேன். உள்ளங்கால் சுட்டது.

"இங்கிட்டு இன்னொண்ணு போடுடா!" என்று கத்தினேன்.