இடப்பக்கம் கட்டிய சிவப்பு நூல்

பத்தொன்பது வருடம் எலிகளுக்கு ஊழியம் செய்த மனிதரைப் போட்ட சட்டையோடு வெளியே அனுப்பிய பேராசிரியர்மேல் மோட்டார் பட்டறைக் காயில்காரருக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அனுப்பப்பட்டவர் அவருடைய அக்காள் புருஷன். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் எலிக்காரர், காயில்காரருக்கு அத்தான்.

அத்தான் காலையில் கூண்டுகளின் மரத்தூளை மாற்றி, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவார். பிறகு எலிகளை நீந்த விடுவார். வட்டத் தொட்டி, அதில் பால்பவுடர் கலக்கிய தண்ணீர், அடியில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சின்ன மேடை. எலி தவித்து நீந்தி அதைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். நாலைந்து நாள் பழகினால் நேரே போய் ஏறிவிடும். அத்தான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பார், ஏறியதைத் துண்டால் துவட்டுவார்.

"பெத்த பிள்ளைங்க தலையை ஒருநாள் இப்படித் துவட்டியிருப்பாரா?" என்பாள் அக்கா.

"அதுங்க நேரா வீடு வந்து சேரட்டும், துவட்டுறேன்" என்பார்.

காந்தம் ஞாபகத்தைக் கெடுக்குமா என்று பார்க்கப் பேராசிரியருக்கு இரண்டு பெட்டி தேவைப்பட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டும் மச்சானை அத்தான்தான் கைகாட்டினார். ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் இரண்டு செம்புக் கம்பி. ஒரு பெட்டியில் இரண்டு கம்பியிலும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும், காந்தம் பிறக்கும். மற்றதில் எதிரெதிராக ஓடி ஒன்றை ஒன்று அழித்துவிடும், அது சும்மா பெட்டி. இரண்டும் ஒரே அளவு சூடாகும், ஒரே மாதிரி முனகும். கருவி வைத்து அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் அத்தான் பேராசிரியர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, சும்மா பெட்டி எலிதான் மறக்குது. நேத்து ஏறின மேடை பக்கத்துல இருக்கு, சுத்திச் சுத்தி வருது. காந்தப் பெட்டி எலி சிட்டாப் போய் ஏறுது."

"கூண்டு கழுவும்போது மாத்திப் போட்டிருக்கே."

"வாலைப் பார்த்தே எது எந்த எலின்னு சொல்லுவேன் ஐயா."

"எனக்குப் பாடம் நடத்தாதே."

மறுநாள் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. கையில் கொடுத்த காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. அதற்குப் பிறகு வேறெங்கும் நிலையான வேலை அமையவில்லை. எலி மயிரும் மூத்திர நெடியும் ஏற்கனவே அரித்திருந்த நெஞ்சு வீட்டில் உட்கார்ந்ததும் முழுசாகக் கழன்றுகொண்டது. அதையெல்லாம் தாங்கிவிட்டார். தாங்க முடியாதது ஒன்றுதான்: அக்காவும் அந்தக் காகிதத்தை நம்பினாள். செருப்பை மாற்றிப் போட்டால்கூட, "கூண்டு மாத்தின கைதானே!" என்பாள்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெட்டிகள் பழைய சாமான் கடை வழியாகக் காயில்காரரின் பட்டறைக்கே செம்பு உரிக்க வந்தன. உரித்த காயில்காரர் பாதியில் நிறுத்தினார். கம்பி தொடங்கும் முனை தலை, முடியும் முனை வால். தலைக்குச் சிவப்பு நூல் கட்டுவது வழக்கம். முதல் கம்பியை இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடித்தவர், மோட்டார் கட்டும் பழக்கத்தில் முடித்த இடத்திலேயே இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறார். ஆனால் நூலை மட்டும் இடப்பக்கம் வந்த இரண்டு முனைக்கும் கட்டிவிட்டார். வாலைத் தலையென்று நம்பி இணைத்ததில் இரண்டாவது கம்பியில் மின்சாரம் திசை மாறி ஓடியிருக்கிறது. இரண்டு பெட்டியிலும் அதே தப்பு. காந்தப் பெட்டி சும்மா பெட்டியாகவும், சும்மா பெட்டி காந்தப் பெட்டியாகவும் ஓடியிருக்கின்றன.

அன்று முதல் பேராசிரியரை இன்னும் உரக்கத் திட்டினார். ஒன்பது வருடம் திட்டினார்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அத்தானை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை, காயில்காரர் கட்டிலோரம் உட்கார்ந்து அத்தனையும் சொல்லிவிட்டார். அத்தான் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"அப்போ மறந்ததெல்லாம் காந்தத்துல இருந்த எலிதான்."

"ஆமா அத்தான்."

"நான் பார்த்தது சரி."

"சரிதான் அத்தான். என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க."

"கை தூக்க முடிஞ்சா அறைஞ்சிருப்பேன்." சிரிக்கப் போய் இருமினார். "பாவி, என் பக்கத்துலயே உட்கார்ந்து அந்த ஆளை என்ன திட்டுத் திட்டினே!"

"இப்பவே அவர்கிட்டப் போய்ச் சொல்றேன். கால்ல வேணாலும் விழறேன்."

அத்தான் வேண்டாமென்று தலையை ஆட்டினார். சமையலறையில் அக்கா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. கடைசியாக அவர் கேட்டது இது ஒன்றுதான்.

"அந்த ஆளு கிடக்கட்டும். உள்ளே போ மச்சான். நான் மாத்தலைன்னு உங்க அக்காகிட்டச் சொல்லு."