தண்ணீரில் ஒன்றும் இல்லை

வளைகாப்பு முடிந்த அடுத்த வாரம் அக்காவின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவளுடைய வீங்கிய கையிலிருந்து வளையல்கள் வராததால், நர்ஸ் சோப்பு போட்டுக் கழற்றினார். டாக்டர், "காரணம் தெரியலைம்மா, சில பேருக்கு இப்படி ஆயிடும்" என்றார்.

பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா அழவில்லை. ஒரு பாட்டிலில் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"மழை பெஞ்சா இதுல ஒரு வாடை வருது. இதான் எம் புள்ளைய கொன்னுடுச்சு. உங்க லேப்ல பாத்துச் சொல்லு."

ஒரகடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. காய்கறி, தண்ணீர் எல்லாவற்றிலும் பூச்சிமருந்து தேடுவோம். ஒரு பொருளின் மேல் லேசரை விட்டால் ஒளி பெரும்பாலும் அதே நிறத்தில் திரும்பும். மிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறித் திரும்பும். அதுதான் ராமன் ஒளி. அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும் என்பதால், அதை வைத்தே எந்த மருந்து என்று ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்த மருந்தின் ஒளி கருவிக்கு எட்டாது. அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் பதித்த சில்லில் அதைச் சொட்டுவோம். வெள்ளியை ஒட்டி உட்காரும் மூலக்கூறின் ஒளி பல லட்சம் மடங்கு பெருகும்.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் மேடத்திடம் அனுமதி வாங்கி, ஷிஃப்ட் முடிந்ததும் அக்காவின் தண்ணீரைச் சொட்டினேன். திரையில் கோடு தட்டையாக ஓடியது. சில்லில் கோளாறோ என்று, தெரிந்த பூச்சிமருந்து ஒன்றை ஒரு துளி கலந்து பார்த்தேன். கோட்டில் முகடுகள் உடனே எழுந்தன. சில்லு சரியாகத்தான் இருந்தது. எங்கள் முறையில் ஈயம் போன்ற உலோகங்கள் நேராகத் தெரியாது. அதற்காகத் தண்ணீரை வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கும் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் என்றார்கள்.

நல்ல செய்தி சொல்லப் போவதாகவே நினைத்துப் போனேன்.

"இன்னா வந்துது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. நாங்க தேடுன எந்த மருந்தும் அதுல இல்ல."

அவள் இடிந்துபோனாள்.

"அப்ப தண்ணி மேல தப்பில்ல. எம் மேலதான்."

"அப்டி இல்லக்கா. காரணம் தெரியலைன்னுதானே டாக்டரே சொன்னாங்க."

"காரணம் தெரியலன்னா நான் யாரைத் திட்டுவேன்?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. நாங்கள் தேடாத எத்தனையோ பொருட்கள் உண்டு, வெள்ளியில் ஒட்டாதவையும் உண்டு. அதைச் சொல்லியிருந்தால் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை அவளுக்கு ஆறுதலாகக் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது அக்காவும் மாமாவும் மறைமலை நகரில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். குடிக்க, சமைக்க, அரிசி களைய எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான். என் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.