ஒலிந்தோ கத்திய "ஸாலி"

இத்தாலியிலிருந்து கப்பலேறி, ஸ்பானிஷ் பேசும் ரொசாரியோவில் வந்து இறங்கிய ஒலிந்தோ பன்யாஸ்கோ, முதலில் நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலையில் படம் எழுதினார். அவர் எழுதிய கடலைப் பார்த்து முன்வரிசைக்காரர்கள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார்களாம். பிறகு ஒரு பழைய கேமரா வாங்கி டைரக்டர் ஆனார். அந்த ஊமைப்படக் காலத்தில் அதற்குக் கேமராவும் தொண்டையும் இருந்தால் போதும். தொண்டை அவருக்கு சொந்த ஊரான ஜெனோவா துறைமுகத்திலேயே வாய்த்திருந்தது.

எடுத்த இரண்டு படமும் ஓடவில்லை. பணம் போட்ட கொட்டகைக்காரி டோன்யா கஸில்டா, மாத்தே தேநீரை உறிஞ்சியபடியே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி, ஒலிந்தோ. இதுவும் படுத்துச்சுன்னா மறுபடி தூரிகையத் தூக்கு. என் கொட்டகைச் சுவரு சுண்ணாம்பப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

மூன்றாவது படத்தில் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. பிலிமும் அதற்குத்தான் மிச்சம். அப்பா பேச்சைத் தட்டமுடியாத பெண், அழுதுகொண்டே மாடிப்படி ஏறி, மேலே மோதிரத்தோடு நிற்கும் கிழட்டுப் பண்ணையாரைக் கைப்பிடிக்க வேண்டும். பண்ணையாராக, கசாப்புக்கடை ருஃபினோ. பெண்ணாக, இஸ்திரி போடும் தெயோலிந்தா.

ஒலிந்தோ கேமராவின் கைப்பிடியைச் சுற்றினார். தெயோலிந்தா படியடியில் நின்று அழகாக அழுதாள். அழுதுகொண்டே நின்றாள். பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. பதற்றத்தில், தெரிந்த கொஞ்சநஞ்ச ஸ்பானிஷும் பறந்துபோக, ஒலிந்தோ தாய்மொழியில் கத்தினார்: "ஸாலி! ஸாலி!"

அவர் ஊரில் அதற்கு 'ஏறு' என்று பொருள். அவள் ஊர் ஸ்பானிஷில் 'வெளியே போ'.

தெயோலிந்தா கண்ணைத் துடைத்தாள். பண்ணையாரை ஒரு பார்வை பார்த்தாள். கதவைத் திறந்து தெருவில் இறங்கிப் போயே விட்டாள். பிலிம் தீர்ந்தது.

"அடிப்பாவி! எங்கே போறே?" என்று வாசலுக்கு ஓடிவந்து கூவினார் ஒலிந்தோ.

"நீதானே, இத்தாலிக்கார கிரிங்கோ, போ போன்னு கத்தினே! கூப்பிட்டு வெச்சு வெரட்டிட்டு, இப்போ கேள்வி வேறயா?"

"ஏறச் சொன்னேன், தாயே!"

"மக்கரோனிய மென்னுக்கிட்டே பேசினா யாருக்குப் புரியும்?"

"நான் எறங்கலாமா?" என்றார் மேலே நின்ற ருஃபினோ. யாரும் பதில் சொல்லாததால் சாயங்காலம்வரை மோதிரத்தோடு அங்கேயே நின்றதாகக் கேள்வி.

வேறு வழியில்லை, அப்படியே திரையிட்டார்கள். கடைசிக் காட்சி ஓடியபோது கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. சுண்ணாம்பு வாசனை இப்போதே மூக்கில் ஏற, ஒலிந்தோ பின்கதவுப் பக்கம் நழுவினார். அப்போது பெண்கள் வரிசையில் ஒருத்தி கூவினாள்: "போடி என் ராஜாத்தி! திரும்பிப் பார்க்காதே!"

கொட்டகையே எழுந்து நின்றது. தட்டிய கைதட்டலில் பரானா ஆறு ஒரு முழம் உள்வாங்கியது.

"இந்த முடிவ எப்படிய்யா யோசிச்சே?" என்று வாய்பிளந்தாள் டோன்யா கஸில்டா.

"ராத்திரி பூரா தூக்கமே இல்ல, டோன்யா" என்றார் ஒலிந்தோ, கூசாமல்.

அதன்பிறகு அவர் எடுத்த எந்தப் படத்துக்கும் முடிவை முன்கூட்டி யோசித்ததே கிடையாது. கடைசி நாளன்று தெயோலிந்தாவைப் பார்த்துத் தன் மொழியில் எதையாவது கத்துவார். அவளுக்கு என்ன புரிகிறதோ அதுதான் முடிவு. பேரும் புகழும் வந்தபின், ஸ்பானிஷ் சொல்லித்தர ஒரு வாத்தியாரை அமர்த்துவதாகச் சொன்னாள் டோன்யா கஸில்டா.

ஒலிந்தோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க, டோன்யா."