விஜயகுமாரியின் பேட்டர்ன் ஃபைல்கள்

ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் விஜயகுமாரி பேட்டர்ன் மாஸ்டர். சட்டையின் கை, கழுத்து, உடம்பு என்று எல்லாவற்றுக்கும் அளவு வரைந்து கம்ப்யூட்டரில் வைப்பவள். பதினாறு வயதில் தைத்த துணியில் பிசிர் நூல் வெட்ட வந்து, முட்டி மோதி இந்த நாற்காலியைப் பிடித்தவள். சும்மா கிடைத்த நாற்காலியா அது? அதனால் ஒருத்தரையும் நம்பமாட்டாள். தண்ணீர் கேன் போடுகிற ஆள் பக்கத்தில் வந்தால்கூடத் திரையை அணைத்துவிடுவாள்.

அன்று காலை புதிய கம்ப்யூட்டரைத் திறந்தால், அவள் ஃபைல் ஒன்றையும் காணோம். பதினான்கு வருஷத்து அளவுகள். அவை இல்லாவிட்டால் இந்தக் கம்பெனிக்கு அவள் எதற்கு?

முந்தின நாள் பழையதிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்றிக் கொடுத்தவன் கம்ப்யூட்டர் கடை அருண்குமார். நாலு கம்பெனிக்குப் போய்வருகிறவன். எவனுக்கோ விற்றுவிட்டான், வேறென்ன? போன் போட்டு வரவழைத்து, முதலாளி சிவபிரகாஷ் முன்னாலேயே பிடித்துக்கொண்டாள்.

"பையைக் கொட்டு கண்ணு."

"நான் எதும் எடுக்கலீங்கக்கா."

"எடுக்காதவன் எதுக்கு யோசிக்கறே?"

கொட்டினான். ஸ்க்ரூடிரைவர், சாப்பாட்டு டப்பா, ரெண்டு பென்டிரைவ். செருகிப் பார்த்தாள், அவற்றிலும் இல்லை.

"விடுங்கக்கா, போனாப் போகுது" என்றார் சிவபிரகாஷ்.

போனால் போகிறதா? ஒரு பட்டன் குறைந்தாலே குதிக்கிற மனுஷர் இவர். அது அவளுக்கு உறுத்தியது.

அருண்குமார் முகம் சுண்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். "புதுசுல வேற யூசர் பேர்ல திறக்குதுங்க. பழசெல்லாம் பழைய பேர் ஃபோல்டர்ல இருக்குமுங்க" என்று ஒரு ஃபைலின் பெயரை அடித்துத் தேடினான். கிடைத்தது. ஆனால் ரெண்டாக வந்தது.

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு உங்களுதுங்க. இன்னொண்ணு, பழைய கம்ப்யூட்டர்ல முன்னயே யாரோ காப்பி எடுத்து வெச்சதுங்க. அதையும் அப்படியே மாத்திட்டேன்."

இரண்டாவது ஃபோல்டரைத் திறக்கச் சொன்னாள். பதினான்கு வருஷமும் ஒன்று விடாமல் இருந்தது. தேதியைப் பார்த்தால், மகள் பிரசவத்துக்கு அவள் லீவு போட்டிருந்த வாரத்தில் எடுத்த காப்பி. அந்த வாரம் போனில் அவளிடம் பாஸ்வேர்டு கேட்டு வாங்கியவர் சிவபிரகாஷ் ஒருத்தர்தான். ஃபோல்டரின் பெயர், 'தரணீதரன் - புது மாஸ்டர்'.



விஜயகுமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேசையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அருண்குமாரின் பைக்குள் வைத்தாள். "தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காத." பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"அவரு எப்ப வர்றாருங்க?"

"ஒண்ணாந்தேதிங்கக்கா" என்றார் அவர்.