நன்றியுரையில் ஒரு வரி

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் நான் எம்.ஃபில். படித்தபோது, எங்கள் பாடமான சர்வதேச உறவுகள் என்றால் மந்திரிகளும் தூதர்களும் கைகுலுக்கிக்கொள்வது, அவ்வளவுதான். என் வழிகாட்டி காலனி ஆதிக்கத்தைத் திட்ட ஆரம்பித்தால் மேஜை அதிரும். தட்டுகிற கைக்கு அடியில் கிடக்கும் புத்தகம் மட்டும் வெள்ளைக்காரன் எழுதியதாக இருக்கும்.

என் ஆய்வு தோல் ஏற்றுமதியைப் பற்றியது. பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த அக்கா ஒருவரிடம் ஞாயிறுதோறும் போய் உட்காருவேன். துணி துவைத்துக்கொண்டே பேசுவார்.

"எங்கம்மாவும் இதே ஷெட்டுலதான் வேலை செஞ்சுது. அப்போ வெள்ளக்காரன் இருந்தான், தோலு கப்பல்ல போச்சு. இப்பவும் கப்பல்லதான் போய்க்கினு கீது. அங்க ஒருத்தன் சீக்கிரம் அனுப்புன்னா, இங்க நாங்க பொழுதுக்கும் தண்ணிலயே நிக்கிறோம். இன்னா மாறிச்சு, சொல்லு?"

நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் பெயரைப் போட்டு, அவர் சொன்னதை ஓர் அத்தியாயமாகவே எழுதினேன்.

வழிகாட்டி அதன் மேல் குறுக்காகக் கோடு போட்டார். "இது சோஷியாலஜிம்மா. தொட்டியில நிக்கிற லேடீஸுக்கும் ஃபாரின் பாலிசிக்கும் என்ன சம்பந்தம்? வேணும்னா நன்றியுரையில ஒரு வரி போட்டுக்கோ. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் "சரி சார்" என்றுதான் சொன்னேன். பட்டம் வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டு அம்மையார் அக்கா சொன்னதையே மேடையேறி ஆங்கிலத்தில் பேசியபோது முதல் வரிசையில் கைதட்டியவரும் இதே வழிகாட்டிதான். அவரை இன்றும் திட்டுகிறேன். அந்தப் பக்கங்களை உருவி எடுத்தது என் கைதான் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறேன்.

பட்டம் வந்த வாரம், பைண்டு செய்த பிரதியோடு பம்மலுக்குப் போனேன். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எங்க, நான் சொன்னதப் படி."

நன்றியுரையைத் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: "பேசி உதவிய பம்மல் பெண்களுக்கும் நன்றி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

"என் பேரு?"

"போடலைக்கா."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார்.

"எங்க மேஸ்திரி வாயத் தொறந்தா கெட்ட வார்த்ததான். அவன்கூட என்னியப் பேரு சொல்லித்தாம்மா கூப்புடுவான்."