முந்தானையைக் கசக்கிப் பார்த்தவர்

சிம்மக்கல் ஜவுளிக்கடையில் மினுமினுப்பான நைலக்ஸ் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைக் கேட்காமலே முந்தானையை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒல்லியானவர், கழுத்தில் சங்கிலிக்கு மேல் தையல்காரரின் அளவு நாடாவும் தொங்கியது. மெட்ராஸ் டெலிவிஷன் நாடகங்களுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பவர் என்று கடைக்காரர் சொன்னார்.

"எதுக்கும்மா எடுக்குற?"

"வேலை இண்டர்வியூவுக்கு, அக்கா."

"அப்ப இது வேணாம். வழுக்குற சேலை கட்டினா கை மாராப்புக்கே போகும். எங்க நடிகைகளே வசனத்த மறந்துருவாக."

"வேற எத எடுக்கட்டும்?"

"ஒண்ணும் எடுக்காத. வீட்டுல நல்லாத் துவச்ச நூல் சேலை இருக்கும்ல, அதக் கட்டிட்டுப் போ. நீ வெளிய வந்தப்புறம் நீ பேசுனதுதான் அவுகளுக்கு ஞாபகம் இருக்கணும். சேலை இருக்கக் கூடாது."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. நான் வெறுங்கையோடு திரும்பினேன். வேலை கிடைத்தது.

எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்று கரையின் நிறம் முதற்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த அக்காவின் விரல்கள் நினைவிருக்கின்றன, அளவு நாடா நினைவிருக்கிறது. அன்று அவர் கட்டியிருந்த சேலை மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.