பாப்பம் என்னும் சொல்

கடல் என் தங்கையையும் அவள் குடியிருந்த வீட்டையும் கொண்டுபோனபோது, உம்மாவின் முதுமைக்கென்று இருந்த ஏற்பாடும் சேர்ந்து போயிற்று. எங்கள் கரையோர ஊர்களில் அந்த ஏற்பாட்டை எவரும் எழுதிவைப்பதில்லை. பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் அதே வீட்டின் ஓர் அறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்கள் படுக்கையில் விழுந்தால் அந்த மகள் கழுவித் துடைத்துக் கவனிப்பாள். ஆண்பிள்ளைகள் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காக்கா மூத்தவர், அடுத்தவன் நான், கடைசியாகத் தங்கை. உம்மாவுக்கு மகள் அவள் ஒருத்திதான். ஆழிப்பேரலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உம்மா, கரைக்கு எட்டத்தில் உள்ள சவளக்கடை என்ற ஊரில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார். அதனால் எஞ்சினார்.

அப்போது அவருக்கு எழுபதை அண்டிய வயது. நடமாட்டத்தில் குறைவில்லை. தற்காலிகக் கொட்டில் ஒன்றில் தாமே சமைத்து உண்டார். எங்களோடு வந்திருக்குமாறு அழைத்தோம். மருமகளின் வீட்டில் தாய் தங்கும் வழக்கம் இல்லையென்று மறுத்துவிட்டார். சில மாதங்கள் கழிந்த பின், எங்கள் இருவரையும் ஒரு மாலையில் வரச்சொன்னார். நிவாரணமாகக் கிடைத்த பாயை விரித்து எங்களை அமர்த்தினார். தங்கையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"நான் படுக்கையில விழுந்தா ஆர் என்னப் பாக்கிற?"

"நாங்க பாப்பம் உம்மா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நான் பல்லாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். மாணவர் கட்டுரைகளில் இருபொருள் படும் தொடர்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டவன். எங்கள் வாய்மொழியில் 'பாப்பம்' என்ற அந்தச் சொல் பராமரிப்போம் என்றும் பொருள்படும். எப்போதாவது வந்து முகம் காட்டிப் போவோம் என்றும் பொருள்படும். ஒன்றை இப்போதைக்குத் தள்ளிவைக்கவும் அதையே சொல்வோம். எந்தப் பொருளில் சொன்னாய் என்று அந்நேரம் எவரேனும் வினவியிருந்தால், என்னிடம் விடை இருந்திராது. உம்மா பாடசாலைக்குப் போனவரல்லர். குர்ஆன் ஓதப் பழக்கும் ஓதப் பள்ளியோடு அவருடைய படிப்பு முடிந்தது. அவர் என்னைத் திருத்தினார்.

"அந்தப் பாப்பத்த விட்டுப்போட்டுச் சொல்லுங்க. ஆர் குளிப்பாட்டுற? ஆர் மலசலம் அள்ளுற?"

காக்கா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி எல்லாவற்றையும் செய்வாள் என்று நான் சொன்னேன்.

"அவக்கிட்டக் கேட்டயா?"

"கேக்கத் தேவையில்ல உம்மா. அவ ஏலாதெண்டு சொல்லமாட்டா."

"அப்ப நீ எனக்குத் தாறது அவட கைய. உன்ட கைய இல்ல."

அதன்பின் அவர் எங்களை நம்பியிருக்கவில்லை. தாமே இரு மருமகள்மாரையும் தேடிப் போனார். காக்காவின் மனைவி, தன் தாய் ஏற்கெனவே படுக்கையில் இருப்பதால் தன்னால் இயலாதென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காக்கா வெட்கத்தால் குன்றிப்போனார். உம்மாவோ, அந்தப் பிள்ளை நேர்மையாகச் சொன்னது, இனி அந்த வாசலை எதிர்பார்த்துக் கிடக்கத் தேவையில்லை என்று ஆறுதலடைந்தார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். அடுப்படியான குசினியின் படியில் அமர்ந்து இருவரும் பேசியதை, நான் திரும்பி வந்து சோற்றுக்கு முன் அமர்ந்தபோது மனைவி எடுத்துச் சொன்னாள். என்னைக் கழுவவேண்டிய நாள் வரும், இயலாதென்றால் இப்போதே சொல்லிவிடு, கோபிக்கமாட்டேன் என்று உம்மா சொல்லியிருக்கிறார். மனைவி தேநீர் ஊற்றிக் கொடுத்து, அது குடித்து முடியும்வரை யோசித்திருக்கிறாள்.

"ஏலும் மாமி. ஆனா அவங்க பாப்பம் எண்டா, கடைசியில பாக்கிறது நான்தான். அவங்களுக்கும் வேலயப் பிரிச்சுத் தாங்க."

உம்மா பிரித்துக் கொடுத்தார். குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் பெண்ணின் கையாலேயே நடக்கவேண்டும். அது என் மனைவிக்கு. தூக்குவதும், புரட்டிப் படுக்கவைப்பதும், அழுக்குத் துணிகளைத் துவைப்பதும் எனக்கு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வருவது காக்காவுக்கு. என் முகம் மாறியதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"இலக்கணம் எழுதின கை சவுக்காரத்துல கரைஞ்சு போகாது" என்றார்.

அடுத்த மாதமே எங்கள் வீட்டின் பக்கவறைக்குக் குடிவந்தார். வழக்கத்தை அவரே முறித்தார். அதைப் பற்றி எவரும் பேச அவர் இடங்கொடுக்கவில்லை. எழும்பி அமர்ந்தால் தம் கால் தரையில் படும்படி கட்டிலின் கால்களை அறுக்கச் சொன்னார். கழிப்பறைச் சுவரில், பிடித்து எழும்புவதற்கு ஓர் இரும்புக் குழாய் பதிக்கச் செய்தார். நன்றாக நடமாடும் ஒருவர் தம் படுக்கைக்கு இப்படி ஆயத்தம் செய்வது எனக்கு அபசகுனமாகவே பட்டது.

நான்கு ஆண்டுகளின் பின், உள்நாட்டுப் போர் முடிந்ததென்று வானொலி அறிவித்த வாரத்தில், கல்முனைத் தெருவில் பட்டாசு வெடித்தது. உம்மா அதைக் கேட்டபடி விடியற்காலைச் சுபஹுத் தொழுகையின் இடத்திலேயே சரிந்து கிடந்தார். வலப்பக்கம் முழுவதும் உணர்விழந்து விழுந்துவிட்டது; பேச்சும் குழறியது. காக்கா முச்சக்கரவண்டியில் ஏற்றிப் போனார். பன்னிரண்டு நாட்களின் பின் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றே பங்கீடு நடைமுறைக்கு வந்தது. எவரும் எவரையும் கேட்க நேரவில்லை. நான் கிணற்றடியில் துணி துவைப்பதை மதிலுக்கு மேலால் கண்ட அயல்வீட்டுக்காரர், "என்ன சேர், லோன்றி தொறந்திட்டீங்களோ?" என்றார். முதல் நாள் கூசினேன். பின்னர் அவருடைய துணிக்கும் இடமிருப்பதாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

உம்மா படுக்கையில் விழுந்த ஆறாம் மாதம் ஊரெங்கும் மூட்டுகளை முடக்கும் காய்ச்சல் பரவியது. என் மனைவி விரல்களை மடக்க இயலாமல் படுத்தாள். அயல்வீட்டுப் பெண்களும் படுத்துவிட்டார்கள். காக்காவின் மனைவியால் தன் தாயை விட்டு அசைய முடியவில்லை. இரண்டு நாட்கள் உம்மாவின் முகத்தை மட்டும் துடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அது போதவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அனுமதி கேட்டேன். சம்மதம் என்பதுபோல் கண்களை மூடிக்கொண்டார்.

பிறர் உடலைக் குளிப்பாட்டும் முறை எனக்கு ஒன்றே தெரியும். என் தந்தையான வாப்பா இறந்தபோது அவருடைய மையித்தைக் குளிப்பாட்டியவர்களுள் நானும் ஒருவன். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை ஒரு துணியை விரித்தேன். பார்வையை விலக்கிக்கொண்டு, துணிக்குள் கையை விட்டு, மையித்துக்குச் செய்வதுபோலவே வலத்தோளிலிருந்து தண்ணீர் வார்க்கத் தொடங்கினேன். உம்மா கண்களைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இடப்பக்கத்தால தொடங்கு மகன். அந்தப் பக்கம்தான் இன்னும் உசிரோட இருக்கு."

வாளியைத் தூக்கி மறுபுறம் வைத்தேன். தண்ணீர் குளிர்கிறதா என்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை, அப்போதுதான் கேட்டேன்.